பொம்மையா, விளக்கா?

சென்னை தம்புச் செட்டித் தெருவில் சுங்க முகவர் அலுவலகம் ஒன்றில் நான் பணியாற்றியபோது, மேலாளர் பதவிக்கு இருவர் போட்டியிட்டார்கள். ஒருவர் தண்டையார்பேட்டைக்காரர், மற்றவர் திருவொற்றியூர்ப் பெண். 2020-இல் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கத் தீர்வை 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாக உயர்ந்த பிறகு, விளக்கு பொருத்திய பொம்மையைப் பொம்மை என்பதா விளக்கு என்பதா, தீர்வையை முடிவுசெய்யும் எட்டு இலக்கக் குறியீடு எதைப் போடுவது என்று அவர்கள் ஒரு வாரம் வாதிட்டது இன்னும் நினைவிருக்கிறது. குறியீடு தவறினால் கண்டெய்னர் நிற்கும், நிற்கும் நாளுக்கெல்லாம் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறும் என்பதால், ஒருவர் தயாரித்த பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது சுங்கத்துறைக்குத் தரும் இறக்குமதிப் படிவத்தை, மற்றவர் வரி வரியாகப் படித்துப் பிழை தேடுவார்.

காதல் அந்த வாசிப்பில்தான் தொடங்கியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாம் செய்யும் வேலையை அத்தனை கூர்ந்து படிக்கிறவர் வீட்டிலும் இல்லை, நட்பிலும் இல்லை, போட்டியாளர்தான் படிக்கிறார். ஒருமுறை அந்தப் பெண் யூரோ விலைப்பட்டியலை டாலர் என்று பதிந்துவிட்டார். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதவி தண்டையார்பேட்டைக்காரருக்கே கிடைத்திருக்கும். அவரோ, தாக்கல் செய்வதற்கு முன்பே அந்தப் பெண்ணை அழைத்துத் திருத்தச் சொன்னார். அன்று மாலை பர்மா பஜார் பக்கம் இருவரும் பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிட்டார்கள்.

2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டது. தண்டையார்பேட்டையில் இறங்க வேண்டியவர், நான்கு நிலையங்கள் கடந்து திருவொற்றியூர் தேரடியில் இறங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பதவி அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது. கணவராக வரப்போகிறவருக்கு விட்டுக்கொடுத்துவிடும்மா என்று, அவர் நலம் நாடுவதாக எண்ணியே, மூத்தவர்கள் அறிவுரை சொன்னார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. உழைத்துப் பெற்ற நாற்காலியைச் சீர்வரிசையில் சேர்க்கச் சொல்வது எந்த ஊர் அன்பு? மனைவிக்குக் கீழே கணவர் வேலை பார்ப்பது சரிவராது, இருவரில் ஒருவர் வேலையை விட வேண்டும் என்று முதலாளியும் முதலில் சொன்னார். பிறகு, அந்த இளைஞரின் சம்பள உயர்வையும் விடுப்பையும் தாமே பார்த்துக்கொள்வதாக ஏற்றார். சிக்கல் அத்தோடு தீர்ந்தது. இதற்காக ஒருவரின் வேலையைப் பறிக்கும் அலுவலகங்கள் இந்த எளிய வழியை யோசிக்க வேண்டும்.

சங்கிலியாரைப் பிரிவதில்லை என்று மகிழ மரத்தடியில் சுந்தரர் சத்தியம் செய்த ஊர் திருவொற்றியூர். இவர்கள் அங்கே செய்துகொண்ட சத்தியம், ஒருவர் பிழையை மற்றவர் மறைப்பதில்லை என்பது. சென்ற மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தையின் கையில் விளக்கெரியும் பொம்மை ஒன்று இருந்தது. அது விளக்குதான் என்று கணவர் இன்னும் சொல்கிறார், மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை.