ரோஸ் பேர்டைத் தோற்கடித்த வாக்கு

களை கொத்தியவர்களுக்குத் தெரியும், காம்பு குட்டையாக இருந்தால் முதுகு என்ன பாடுபடும் என்று. கலிஃபோர்னியாவின் லெட்டூஸ் வயல்களில் கூலியாட்களுக்குக் கொடுத்தது அப்படிப்பட்ட முழ நீளக் களைக்கொத்துதான். நாள் முழுக்கக் குனிந்தே கிடக்க வேண்டும். யாராவது நிமிர்ந்தால் மேஸ்திரி கண்ணில் உடனே பட்டுவிடும். 1975-இல் அதற்குத் தடை வந்தபோது மாநில விவசாயத் துறையைப் பார்த்துக்கொண்டவர் ரோஸ் பேர்ட். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அங்கேதான்.

அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்து வளர்த்தார். பேர்ட் பெர்க்லியில் சட்டம் படித்து, ஏழைகளுக்கு வாதாடும் அரசு வக்கீலானார். 1977-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அவரை மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக்கினார். அப்போது வயது 40. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். அதற்கு முன் ஒருநாள்கூட நீதிபதியாக இருந்ததில்லை என்று முதல் நாளிலிருந்தே முணுமுணுப்பு.

கலிஃபோர்னியாவில் ஆளுநர் நியமித்தாலும் பிறகு மக்கள் வாக்களிக்க வேண்டும். எதிர் வேட்பாளர் கிடையாது. இவர் தொடரலாமா, வேண்டாமா, அவ்வளவுதான் கேள்வி. 1978-இல் மயிரிழையில் தப்பினார். 1986-இல் முடியவில்லை. தன் முன் வந்த 60-க்கும் மேற்பட்ட மரண தண்டனை வழக்குகளில் ஒன்றில்கூட தண்டனையை அவர் உறுதி செய்யவில்லை. கொலையுண்டவர்களின் குடும்பத்தார் டிவி விளம்பரத்தில் வந்து பேசினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் கோபத்தைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் மேல்முறையீட்டில் பார்ப்பது, விசாரணை சட்டப்படி நடந்ததா என்பதைத்தான். கொள்ளை போன்ற வேறு குற்றத்தின் நடுவே கொலை நடந்தால், கொல்லும் எண்ணம் இருந்தது என்று ஜூரி தீர்மானித்த பிறகே மரண தண்டனை கொடுக்கலாம் என்று அந்த நீதிமன்றம் 1983-இல் சொன்னது. அதனால் பல தண்டனைகள் நிற்கவில்லை. ஓர் உயிரை எடுக்கும் முன் இதைக்கூடக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது? ஆனாலும் 1986 வாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். கூடவே அதே நீதிமன்றத்தின் நீதிபதிகள் குரூஸ் ரெய்னோசோ, ஜோசப் கிரோடின் இருவரும் போனார்கள். அப்போதைய ஆளுநர் நியமித்த நீதிபதிகள் வந்தார்கள். 1987-இலேயே அந்த 1983 தீர்ப்பு மாற்றப்பட்டது. அந்த ஒரே வருடத்தில் அந்த மரண தண்டனைச் சட்டத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. மாறியது பெஞ்ச்தான். நீதிபதியை வாக்குச்சாவடிக்கு இழுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்புறம் அவருக்குப் பெரிய பதவி எதுவும் வரவில்லை. பல வருடம் கழித்து, கிழக்கு பாலோ ஆல்டோவில் ஏழைகளுக்கான சட்ட உதவி மையத்துக்குப் போய், சம்பளமில்லாமல் ஏதாவது செய்கிறேன் என்று கேட்டிருக்கிறார். யாரென்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். 1999-இல் மார்பகப் புற்றுநோயில் இறந்தார். வயது 63.