ஜாமெட்ரி பாக்ஸுக்குள் ஒரு சீட்டு

போன வாரம் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் ஸ்கேல் எடுக்க ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தான். உள்ளே நாலாக மடித்த ஒரு சீட்டு, மடிப்பில் கிழிந்து, பென்சில் தூள் அப்பிப்போய். ஜூலையில் வந்த மருத்துவக் குழு எழுதிக் கொடுத்தது. கண் பரிசோதனைக்குக் கடலூர் மஞ்சக்குப்பம் ஜி.எச்.சுக்குப் போகச் சொல்லி. இப்போது பிப்ரவரி. இத்தனை மாதமாகப் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான், நான் வேறு "போர்டைப் பார்த்து எழுதுடா" என்று திட்டியிருக்கிறேன்.

அவன் அம்மாவிடம் கேட்டேன். விடியற்காலையில் முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவர். "ஓ.பி. வரிசையில நின்னா அன்னைக்குப் பொழப்பு போச்சு சார்" என்றார். அவரை என்ன சொல்ல?

அந்தக் குழு வருவது ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில். 2013-இல் தொடங்கியது, 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவை, அரசுப் பள்ளிக்கு ஒரு தடவை. குறை சொல்ல மாட்டேன், பிறவி இதயக் கோளாறைக்கூடக் கண்டுபிடித்து இலவச அறுவை சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். ஆனால் வேன் கிளம்பிப் போன பிறகு அந்தச் சீட்டு யார் பொறுப்பு?

பள்ளியிலேயே ஒரு அறையும் ஒரு நர்ஸும் வேண்டும் என்கிறேன். தினமும் முடியாதென்றால் நாலைந்து பள்ளிக்கு ஒருவர், வாரத்தில் ஒரு நாளாவது. யார் ஆஸ்பத்திரிக்குப் போனது, யார் போகவில்லை என்று பெயர் பெயராகக் கேட்க ஒரு ஆள்.

பள்ளியில் வியாழக்கிழமைதோறும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிறகு விழுங்க வேண்டியதைச் சில பிள்ளைகள் வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டிக்கொண்டு, அடுத்த வாரத்திலிருந்து ஜன்னல் வழியாக வீசிவிடுகிறார்கள், மழை பெய்தால் வெளியே மண்ணெல்லாம் நீலம். பன்னிரண்டு வயதைத் தாண்டிய பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை, விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்தால் அங்கேயே தெரிந்துவிடும். நாங்களோ பிரேயரில் மயங்கி விழுந்தபின் சோடா வாங்கிக் கொடுக்கிறோம். அப்புறம் மாதவிடாய் வலி. என்னிடம் வந்து "தலைவலி சார்" என்றுதான் சொல்வார்கள், நானும் தெரிந்தும் தெரியாத மாதிரி வீட்டுக்கு அனுப்புவேன்.

"ஆசிரியர்களே பார்த்துக்கொள்ளலாமே" என்று கமெண்டில் யாராவது வருவீர்கள். எங்கள் முதலுதவிப் பெட்டியில் பஞ்சும், தேதி முடிந்த டெட்டாலும் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த வைத்தியமும் அவ்வளவுதான்.

இடமில்லை என்றும் சொல்ல முடியாது. எங்கள் பள்ளியில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிப் பூட்டிய அறை ஒன்று இருக்கிறது. ஃபேன்கூட ஓடுகிறது.