ஒரே நாளில் இவ்வளவுமா?

யாழ்ப்பாணம் சுற்றிப் பார்க்கிறதைப் பற்றின உங்கடை பதிவிலை கோட்டை, நூலகம், கசூரினா கடற்கரை, நெடுந்தீவு எல்லாத்தையும் ஒரே நாளிலை பார்க்கலாம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். சின்னப் பிள்ளையளோடை உது சரிவராது. குறிகட்டுவான் இறங்குதுறையிலையிருந்து நெடுந்தீவுக்குப் படகிலை மட்டுமே கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். லீவு நாளிலை வரிசை வேறை. அந்தத் தீவிலை இருக்கிற குதிரையளும் பெருக்குமரமும் (பாவோபாப்) பார்க்கிறதெண்டால் அதுக்கெண்டு ஒரு முழுநாளை ஒதுக்குங்கோ, இல்லாட்டி விடுங்கோ.

கடற்கரையிலை இருக்கிற கீரிமலைக் கேணியை ஏன் விட்டனீங்கள்? கேணித் தண்ணி நல்ல தண்ணி, சுவருக்கு அங்காலை உப்புக்கடல். ரெண்டையும் நாக்கிலை வைச்சுப் பார்க்கச் சொன்னால் பிள்ளையள் நம்பமாட்டுதுகள். பெண்களுக்குத் தனிக் கேணி இருக்கு. படி பாசி பிடிச்சிருக்கும், கவனம். வெய்யில் ஏறமுதல் போனால்தான் சுகம்.

கோட்டைக்குப் பின்னேரம் போங்கோ, மத்தியானம் அங்கை நிழலே இல்லை. மதிலிலை நிண்டு பண்ணைக் கடலைப் பார்த்துப்போட்டு, பிறகு நல்லூர்க் கோயிலடியிலை ஐஸ்கிறீம். எங்கடை வீட்டிலை உண்மையிலை அந்த ஐஸ்கிறீமுக்குத்தான் எல்லாரும் வெளிக்கிடுறது.

தைப்பொங்கலோடை லீவு சேர்ந்து வந்தால் வேறையொண்டும் யோசிக்காமல் வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டிக்குப் போங்கோ. நாலைஞ்சு பேர் சேர்ந்து கயிறு பிடிக்கிற பட்டங்கள், விண் (காத்திலை அதிர்ந்து சத்தம்போடுற நாடா) கட்டின பட்டம் மேலை ஏறேக்கை கூவுற சத்தம் கடற்கரை முழுக்கக் கேக்கும். வாகனத்தைத் தூரத்திலை விட்டிட்டு நடக்கவேணும், தொப்பியும் தண்ணிப் போத்திலும் மறக்காதேங்கோ.