வீணை பாலசந்தர் வேறு, கே. பாலசந்தர் வேறு

ஏற்காடு சாலையில் உள்ள மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவுப் படத்தோடு சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: பாடல்களே இல்லாத ‘அந்த நாள்’ இங்கே தயாரானதாம், இயக்கியவர் கே. பாலசந்தராம். இரண்டும் தவறு. 1954இல் வந்த அந்தப் படம் ஏவி.எம். தயாரிப்பு, இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். கே. பாலசந்தர் இயக்கிய முதல் படமான ‘நீர்க்குமிழி’ வந்ததே 1965இல்தான்.

பெயர்க் குழப்பம்தானே, சரி, விடலாம் என்று தோன்றும். ஆனால் இதில் மறைந்துபோவது ஓர் அபூர்வக் கலைஞர். குருவே இல்லாமல், காதையும் விரலையும் நம்பி வீணையைத் தானே கற்றவர். அதற்கு முன்பே கஞ்சிரா, தபேலா, சிதார் என்று கை பழகியவர். நடித்தார், இசையமைத்தார், சதுரங்கமும் ஆடினார். 1982இல் பத்மபூஷண் பெற்றார்.

சேலத்தின் பெருமைக்கு 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ இருக்கிறது. அதைப் பகிருங்கள்.