அதிமனிதன் யாருக்கு மேல்?

சென்ற ஞாயிறு மாலை புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே உட்கார்ந்திருந்தபோது, முன்பு என்னிடம் படித்த மாணவர் ஒருவர், "ஐயா, பலவீனமானவர்களைச் சுமந்துகொண்டு சமூகம் முன்னேற முடியாது, அதிமனிதன் என்று நீட்சே சொன்னது அதைத்தானே?" என்று கேட்டார். கைப்பேசியில் வரும் ஒரு நிமிடக் காணொளிகளில் அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் தத்துவஞானி நீட்சேயை அறிந்திருக்கிறார். அங்கே அரைகுறையாக நான் சொன்ன பதிலை இங்கே முழுமையாக எழுதிவிட விரும்புகிறேன்.

அதிமனிதன் என்று நாம் சொல்வதற்கு நீட்சே எழுதிய ஜெர்மன் சொல் 'ஊபர்மென்ஷ்'. 'மென்ஷ்' என்றால் மனிதன். 'ஊபர்' என்பதற்கு மேல் என்ற பொருளும் உண்டு, அப்பால், கடந்து என்ற பொருளும் உண்டு. ஜரதுஸ்ட்ரா என்ற ஞானியைப் பாத்திரமாக்கி அவர் எழுதி, 1883இல் வெளிவரத் தொடங்கிய நூலில், இந்தச் சொல் அறிமுகமாகும் இடத்திலேயே, மனிதன் கடக்கப்பட வேண்டியவன் என்றும், விலங்குக்கும் அதிமனிதனுக்கும் இடையே பாதாளத்தின் மீது கட்டப்பட்ட கயிறு என்றும் ஜரதுஸ்ட்ரா பேசுகிறான். அந்தக் கயிற்றுக்குக் கீழே இருப்பது பாதாளம். இன்னொரு மனிதனின் தலை அல்ல. நமக்கோ மேல் என்று கேட்டவுடன் மேல்சாதி, கீழ்சாதி என்று அடுக்கிப் பார்த்தே காது பழகிவிட்டது. அதனால்தான் 'கடந்த மனிதன்' என்ற மொழிபெயர்ப்பே நமக்குப் பாதுகாப்பானது என்று கருதுகிறேன்.

அதே நூலில் அதிமனிதனுக்கு எதிரே நிறுத்தப்படுபவன் யார் என்று பார்த்தாலும் இது விளங்கும். அவன் ஏழையோ நோயாளியோ அல்லன். சிறு சுகங்களில் நிறைவடைந்து, எந்த ஆபத்தும் வேண்டாம், எந்த ஏக்கமும் வேண்டாம் என்று கண் சிமிட்டும் 'கடைசி மனிதன்' அவன். சந்தையில் கூடிய கூட்டம் அவனையே எங்களுக்குக் கொடு என்று ஜரதுஸ்ட்ராவிடம் கேட்கிறது.

பிறகு எப்படி இந்தச் சொல் ஆதிக்கத்தின் கொடியானது? 1889இல் நீட்சே மனநிலை குலைந்தபின் அவருடைய கையெழுத்துப் படிகள் தங்கை எலிசபெத்தின் கைக்குப் போயின. அவருடைய கணவர் யூத வெறுப்பைப் பரப்பியவர். நீட்சே அந்த வெறுப்பை அருவருத்தவர். 1935இல் எலிசபெத்தின் இறுதிச் சடங்குக்கு ஹிட்லரே வந்தார். ஆனால் பழி முழுவதையும் தங்கையின் மீது போட்டுவிட்டு நீட்சேயைத் தூய்மைப்படுத்தவும் நான் தயாராக இல்லை. பிரெஞ்சு இந்தியாவில் நீதிபதியாக இருந்த லூயி ஜகோலியோவின் நம்பத்தகாத மொழிபெயர்ப்பில் 1888இல் மனுவைப் படித்துவிட்டு, அந்தப் படிநிலை ஒழுங்கைப் போற்றி எழுதியவர் அவரேதான். நம் மண்ணில் பிறந்தவர் அந்தப் பக்கங்களை எளிதாகத் தாண்டிச் செல்ல முடியாது. 1910 முதல் புதுச்சேரியில் வாழ்ந்த அரவிந்தரும், 1914இல் தொடங்கிய தம்முடைய ஆர்யா இதழில் அதிமனிதனைப் பற்றி எழுதியபோது, நீட்சேயின் கருத்தில் அசுரச் சாயலைக் கண்டு விலகியே நின்றார்.

ஆயினும் அந்தக் கருத்தை நான் கைவிடாததற்குக் காரணம் என் பெரியப்பா. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய தோப்பில் ஒரு பலாமரம்கூட நிற்கவில்லை. செம்மண் ஒட்டிய வேர்கள் ஆளுயரத்துக்கு நிமிர்ந்து கிடந்தன. அவருக்கு அப்போது எழுபத்தொரு வயது. பொங்கல் முடிந்து நான் போனபோது, அறுத்த மரங்களுக்கு நடுவே கடப்பாரையால் குழி தோண்டிக்கொண்டிருந்தார்; பக்கத்தில் சாக்கு நனைத்துப் போர்த்திய பலாக்கன்றுகள். "இது காய்ச்சு யாரு சாப்பிடறது பெரியப்பா?" என்று கேட்டுவிட்டேன். "விழுந்தது விழுந்துடுச்சி. அந்த மம்மட்டிய எடு" என்றார்.

இதே வாழ்க்கை, இதே இழப்புகளோடு எண்ணற்ற முறை திரும்பி வரும் என்றால் அதற்கும் ஆம் என்று சொல்வாயா என்பது நீட்சே வைத்த சோதனை. ஏட்டில் நான் பல ஆண்டுகள் வாசித்த அந்தக் கேள்விக்கு, அன்று அந்தக் குழியின் ஓரத்தில்தான் ஒரு விடையைப் பார்த்தேன். பெரியப்பா அன்று யாரையும் வெல்லவில்லை. தம்முடைய துக்கத்தைக் கடந்து அடுத்த குழிக்குப் போனார்.

ஓரிடத்தில் மட்டும் நீட்சேயோடு நான் உடன்பட முடியாது. இரக்கம் துன்பத்தைப் பெருக்குகிறது, மனிதனைத் தளர்த்துகிறது என்று அவர் எழுதினார். அவர் இளைஞராக இருந்த 1867ஆம் ஆண்டிலேயே வடலூர்த் தருமச்சாலையில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வாடிய பயிரைக் கண்டு வாடியவர், அந்த வாட்டத்தாலேயே சாதியையும் சமயத்தையும் கடந்து நின்றார். தளர்ந்தவர் அப்படி ஓர் அடுப்பை மூட்டியிருக்க மாட்டார். வரும் தைப்பூசத்துக்கு அந்த மாணவரை வடலூருக்கு அழைத்திருக்கிறேன். பந்தியில் அவரும் சாம்பார் வாளியைத் தூக்கட்டும். பேச்சை அங்கே தொடர்வோம்.