வேறு கோயிலில் பெண் எடுத்தால் பரம்பரை நோய் வராதா?

செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயிலைச் சேர்ந்தது, இங்கே கோயில் என்றால் குலப்பிரிவு. "நகரத்தார் ஒரே கோயிலுக்குள் பெண் எடுப்பதில்லை, அதனால் நமக்கு மரபணுப் பரிசோதனை தேவையே இல்லை" என்று காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கோயில் அப்பா வழியில் மட்டும் வருவது. இளையாத்தங்குடிக் கோயில் பையனுக்கு அம்மான் மகள் மாத்தூர் கோயிலாக இருக்கலாம், ஆனால் அவனுக்கு ஆயாவாக (அம்மாவின் அம்மா) இருப்பவர்தான் அவளுக்கு அப்பத்தா, மரபணுவில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு இருவருக்கும் பொது. இருவருமே தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கடத்திகள் (நோய் இல்லாமல் அதன் மரபணுவைச் சுமப்பவர்கள்) என்றால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. மார்பகப் புற்று அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ என்ற மரபணுவில் வரும் மாற்றத்துக்கோ உறவுத் திருமணமே வேண்டாம். அப்பா, அம்மா யாராவது ஒருவரிடம் இருந்தாலே பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

சரி, மாற்றம் இருந்தால் புற்று நிச்சயமா? இல்லை, அபாயம் அதிகம், அவ்வளவுதான். மார்பகப் புற்றில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருவது என்பதால், மாற்றம் இல்லை என்று வந்தாலும் கவலையே வேண்டாம் என்று ஆகிவிடாது.

பரிசோதனை செய்தால் மகளுக்கு வரன் தட்டிப்போகுமே என்று ஆச்சிமார் பயப்படுவது எனக்குப் புரிகிறது. பரிசோதனை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் முதலில் மரபணு ஆலோசகரைப் பாருங்கள், போகும்போது அப்பா, அம்மா இரண்டு வழியிலும் யாருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது என்று எழுதி எடுத்துப் போங்கள்.