நாய்க்குத் தெரியாத சிவப்பு

எங்கள் வீட்டு நாய்க்கு 11 வயது. பல்லெல்லாம் ஆட்டம் கண்டுவிட்டதால் உலர் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துத்தான் கொடுக்கிறேன். நேற்று ஊறப்போட்டுவிட்டு வேறு வேலையாகப் போய்த் திரும்பினால், வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் செக்கச்செவேல் என்று நிற்கிறது. புதுத்துணியை நனைத்த வாளி மாதிரி. இறைச்சியின் சிவப்பா அது? சாயம்!

கொடுமை என்னவென்றால், நாயின் கண்ணுக்குச் சிவப்பே பிடிபடாது. நீலமும் மஞ்சளும்தான் அதற்குப் பிரிந்து தெரியும்; சிவப்பெல்லாம் ஏதோ மங்கிய பழுப்பு. அப்படியானால் யாரை மயக்க இந்தச் சாயம்? என்னைத்தான். சிவப்பைப் பார்த்து இறைச்சி என்றும், ஆரஞ்சைப் பார்த்து கேரட் என்றும், பச்சையைப் பார்த்து பட்டாணி என்றும் நான் பூரித்துப்போக வேண்டுமாம். ஏமாறுவது நான், விழுங்குவது அது.

சரி, என்னதான் போட்டிருக்கிறார்கள் என்று மூட்டையைத் திருப்பினேன். முன்பக்கம் பளபளவென்று துள்ளும் நாய்ப்படம். பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தால் ‘அனுமதிக்கப்பட்ட நிறமிகள், பதப்படுத்திகள்’ என்றிருக்கிறது. எந்த நிறமி, எந்தப் பதப்படுத்தி? பெயர் கிடையாது. வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினேன். “எல்லாம் விதிமுறைக்கு உட்பட்ட அளவுதான் சார்” என்றார்கள். பெயரைத்தானே கேட்டேன்? மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் கிளிப்பிள்ளை போல அதே வாக்கியம்.

விதிமுறையின் லட்சணம் எனக்குத் தெரியாதா? கொழுப்பில் சிக்குவாடை வராமலிருக்க எத்தாக்சிக்வின் என்று ஒன்றைக் கலப்பார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 150 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கில் 150 பங்கு வரை, விட்டுவைத்திருந்தது. 1997இல், நாய் உணவில் அதைப் பாதியாக, 75ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. உத்தரவு போடவில்லை, கேட்டுக்கொண்டது! 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் தீவனத்தில் அதற்கான அனுமதியையே நிறுத்திவைத்தது. இன்னொரு தந்திரமும் உண்டு. மீன்தூள் வரும்போதே அதில் இந்தச் சரக்கு கலந்திருக்கலாம். ‘நாங்கள் சேர்க்கவில்லையே’ என்று தீவனக்காரர் கையை விரித்துவிட்டால், பல நேரம் மூட்டையில் பெயர்கூட ஏறாது.

பூனைகளின் கதை இதைவிட மோசம். மென்மையான பூனை உணவு காய்ந்துபோகாமலிருக்க புரோப்பிலீன் கிளைக்கால் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அது பூனையின் சிவப்பணுக்களைக் கெடுக்கிறது என்று தெரிந்து, 1996இல் அதே நிர்வாகம் பூனை உணவில் அதைத் தடை செய்தது. அதுவரை அதைத் தின்று வளர்ந்த பூனைகளும் ‘விதிமுறைக்கு உட்பட்டு’த்தானே தின்றன?

பதப்படுத்துவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. கெட்டுப்போன கொழுப்பைத் தின்றாலும் நாய்க்கு ஆகாது. ஆனால் அந்த வேலையை வைட்டமின் ஈ வகைகளும் செய்கின்றனவே! அத்தனை காலம் கெடாமல் தாங்காது, அவ்வளவுதான். யாருடைய கிடங்கில் மூட்டை மாதக்கணக்கில் தூங்குவதற்காக என் நாயின் ஈரல் உழைக்க வேண்டும்? நானாவது இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாற்றித் தின்கிறேன். அது காலையும் மாலையும், வருடக்கணக்காக இதே உருண்டையைத்தான் தின்கிறது. ‘சிறிய அளவுதான்’ என்கிறவர்கள் அந்தச் சிறிய அளவை இத்தனை வேளைகளால் பெருக்கிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசட்டும்.

சிவப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். கிண்ணத்தின் அடியில் வளையமாகக் கறை, இரண்டு முறை தேய்த்தும் போகவில்லை. அதுவோ சாப்பாடு எங்கே என்று என் கால்மீது மோவாயை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. மூட்டையில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது.